நமக்கு ஊறும்

எங்கள் பிழைப்பே அந்த மீன்குட்டைதான். கெண்டைகளின் செவுள்கள் வடித்த கஞ்சியின் நிறத்துக்கு வெளுத்துவிட்டன. ரத்தத்தில் பூச்சி இருக்கிறது, அட்டைதான் ஒரு மீனைக் கடித்து இன்னொன்றுக்குப் பரப்புகிறது என்று மீன் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குட்டையில் இறங்கி அசையாமல் நின்றார்.

“என்ன, வேண்டுதலா?” கரையிலிருந்து அம்மா கேட்டாள்.

“மீன விட்டுட்டு எங்கிட்ட வரட்டும் பவளம். நமக்கு ரத்தம் ஊறும்.”

இருட்டியபின் ஏறி வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தோம். காலில் ஒரு அட்டைகூட இல்லை.

“அதுக்குக்கூட நான் வேணாம் போல” என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. குட்டையில் இன்னொரு மீன் மல்லாந்து மிதந்தது. அப்பா நின்ற இடத்தில் இறங்கி நிற்க, நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.