இன்ஷூரன்ஸ் சம்மதித்த நாள்

கதவு திறந்ததும் வெர்னாவின் கண்ணில் முதலில் பட்டது, கியாண்ட்ராவின் சட்டையில் படர்ந்திருந்த பால் ஈரம்தான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"போன் பண்ணேன், நீ எடுக்கல. எங்க பால் வத்திப் போச்சோன்னு பயந்துகிட்டே ஓடியாந்தேன் கண்ணு! இன்ஷூரன்ஸ்காரங்க இன்னிக்குக் காலைலதான் ஒத்துக்கிட்டாங்க. ஆறு தடவை நான் வீட்டுக்கு வரலாம். உனக்கு ஒரு சென்ட் செலவில்ல!"

கியாண்ட்ராவின் குழந்தை எலைஜாவுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு. நாலு வாய் உறிஞ்சுவதற்குள் மூச்சு வாங்கி உதடு நீலமாகிவிடும். அவனைப் பழக்க, பாலூட்டப் பயிற்சி தரும் வெர்னா பக்கத்தில் இருந்தாக வேண்டும். மருத்துவமனையிலிருந்து அவன் வீட்டுக்கு வந்ததும், "இதெல்லாம் சிகிச்சையில் சேராது" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. அனுமதி இல்லாமல் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது வெர்னாவின் ஆபீஸ் சட்டம். பாழாய்ப்போன சட்டம்!

"போன்ல ஒருத்தன், 'பாட்டில்ல குடுத்தா ஆகாதா மேடம்'ங்கிறான். 'உங்கம்மாகிட்ட கேட்டுச் சொல்லுப்பா'ன்னேன்."

கியாண்ட்ரா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. பாவம், பல நாள் தூங்காத முகம்.

சமையலறை மேசை முழுக்க மூடிவைத்த பாத்திரங்கள். மக்ரோனி, பன்றித் தொடைக் கறி, இரண்டு கேக்.

"சர்ச் ஆளுங்க கொண்டாந்ததா?"

"ஆமா, மிஸ் வெர்னா."

"நம்ம மிசிசிப்பி ஜனங்களை அடிச்சுக்க முடியாது! பிள்ளை பெத்தவ வயிறு காயக்கூடாதுன்னு ஊரே ஆக்கிப் போடுது பாரு. நல்லா சாப்பிடு."

கைகழுவி வந்த வெர்னா, குரலைத் தாழ்த்தினாள். "தூங்குறானா?"

"நீங்க சத்தமாவே பேசுங்க."

"அதுவும் சரிதான். தூங்கினாலும் எழுப்பித்தானே ஆகணும்? போ, என் சிங்கத்தைத் தூக்கிட்டு வா. இன்னிக்கு நேரா மார்லயே குடிக்க வெச்சுடறேன்."

கியாண்ட்ரா நகரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, வெர்னாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நேத்து அவனை அடக்கம் பண்ணிட்டோம், மிஸ் வெர்னா... இந்தப் பால் நிக்க ஒரு வழி சொல்லுங்க."