இரண்டு மணி நேரம் பின்னால்

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்து இயந்திரமும் விமானத்து இயந்திரமும் கண்ணிமைக்கும் நேரத்தில் பேசி முடித்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு உத்தரவையும், விமானம் அதைத் திருப்பிச் சொல்வதையும் ஒரு மனிதக் காது கேட்டாக வேண்டும் என்பது சட்டம். அந்தக் காது ஜெசிந்தாவுடையது. முன்பெல்லாம் விமானி ஒரு சொல் பிசகினாலும் பாதியிலேயே மடக்கிவிடுவாள். இப்போதோ எல்லாவற்றையும் மனித வேகத்துக்கு இழுத்து ஒலிபரப்புவதால், மதியத்துக்குள் இரண்டு மணி நேரம் பின்தங்கிவிடுகிறாள்.

அன்று இரண்டு மணிக்கு, ஓடுபாதையில் நின்ற விமானத்தின் மீது, இறங்கிவந்த விமானம் மோதி எரிந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தாள். காதில் பன்னிரண்டு மணிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"சார், மோதுன ரெண்டு விமானத்தோட பேச்ச மட்டும் மொதல்ல போடுங்க!" என்று மேலதிகாரி தணிகைவேலிடம் கெஞ்சினாள்.

"வரிசைய மாத்துனா செல்லாதும்மா. உக்காந்து கேளு," என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான்கு மணிக்கு அது வந்தது. "ஓடுபாதைக்கு வெளியே காத்திரு" என்றது கோபுரம். "ஓடுபாதையில் ஏறிக் காத்திருக்கிறேன்" என்றது புறப்படவிருந்த விமானம். "சரி" என்றது கோபுரம்.

"ஏறாத! வெளியவே நில்லு!" என்று ஜெசிந்தா மைக்கைப் பிடித்துக் கத்தினாள். கீழே தீயணைப்பு வீரர்கள் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரையில் எழுத்துகள் வந்தன: "பிழையைக் கேட்ட இரண்டே நொடியில் கண்டறிந்தீர்கள். நன்றி."

அடுத்த பேச்சு தொடங்கியது. நூற்றுப் பன்னிரண்டு பேரோடு வந்துகொண்டிருந்த விமானம் இறங்க அனுமதி கேட்டது. அவள் காதில் அவர்கள் எல்லோரும் இன்னும் உயிரோடிருந்தார்கள்.