பத்துக்கு ஒன்பதரை

"நாளைக்கு வா" என்றார் அதிகாரி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

இருபத்தாறு வருஷ சர்வீசில் அவர் சொன்ன நாளைகளையெல்லாம் வரிசையாக ஒட்டினால் இன்னும் நானூறு வருஷத்துக்குக் காலண்டர் அடிக்கலாம். குடிநீர்ப் பிரிவு, ஏழாம் எண் அறையில் அவருக்குப் பெயரே 'நாளைக்கு சார்'தான். அந்தக் குரலைக் கேட்டால் யானையாக நுழைந்தவரும் எலியாகத்தான் வெளியே போவார்.

எதிரே நின்ற அம்மாளோ பளிச்சென்று சிரித்தாள்.

"அடேயப்பா, என்ன அலட்சியம் சார்! கூடவே ஒரு கொட்டாவியும் விட்டிருந்தீங்கன்னா முழு மார்க்கே போட்டிருக்கலாம்."

இடுப்பிலிருந்து ஒரு குட்டி நோட்டை உருவி, "ஒண்ணு, நாளைக்கு வா" என்று முணுமுணுத்தபடி டிக் அடித்தாள்.

அதிகாரி மெல்ல நிமிர்ந்தார். அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தேய்ந்த செருப்பு. தோளில் பழைய பேப்பர் பொறுக்கும் கோணிப்பை. நீட்டிய கையில் மனு. குப்பைமேட்டுக் குடியிருப்பில் நூற்றுப்பத்து வீட்டுக்கு ஒரே குழாய், அதிலும் ஒரு மாசமாக வருவது காற்றுதான், இன்னொரு குழாய் வேண்டும் என்று எழுதியிருந்தது.

"இது என் வேலை இல்ல. வேற டேபிள்ல போய்க் குடு."

"ரெண்டு!" டிக். "குடிநீர் மனுக்கள்னு உங்க மேஜை மேலயே போர்டு இருக்கே சார். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டேன்ல!"

"சர்வர் வேலை செய்யல."

"மூணு! இன்னும் வரலியேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்!" அம்மாள் ஒரு குதி குதித்தாள். "காகிதத்துக்கு எதுக்கு சார் சர்வர்? கையால வாங்குங்க, கையால சீல் குத்துங்க."

மாடி ஹாலில் கைத்தட்டல் கேட்டது. பன்னிரண்டு நாளாக அங்கே ஏதோ பயிற்சி. சுண்ணாம்பு உதிர்ந்து அவர் தலையில்தான் விழுகிறது. 'குடிசை ஜனங்களுக்கு உரிமையைச் சொல்லிக் குடுக்க அவங்க ஆளுங்களையே வாத்தியார் ஆக்கறாங்களாம் ஐயா' என்று பியூன் சொன்ன அன்று அதிகாரி சிரித்த சிரிப்பில் நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம் கண்டுவிட்டது.

"வெளியே போறியா, ஆளைக் கூப்பிடட்டுமா?" என்று கர்ஜித்தார். மேஜையில் டீ ததும்பியது. மூன்று தெரு தள்ளி ஒரு நாய் வாலை மடக்கியிருக்கும்.

"அம்மாடி! கண்ணு ரெண்டும் எப்படி உருளுது! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு சார்!" கையை நீட்டி வேறு காட்டினாள். "ஆனா போக மாட்டேன். மனு குடுக்க வந்தவங்களை முதல்ல உட்காரச் சொல்லணும். நாற்காலி எங்கே?"

பியூன் அவசரமாக அதிகாரியின் காதருகே குனிந்தான். "ஐயா, பார்த்துப் பேசுங்க. மேலிடத்துலேருந்து மாறுவேஷத்துல ஆள் வருதாம். பக்கத்து ஆபீசுக்குத் தள்ளுவண்டிக்காரரா வந்து ரெண்டு பேர் சீட்டைக் கிழிச்சுட்டாங்க."

அதிகாரிக்கு வியர்த்தது. வெள்ளிக்கிழமை பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. இருபத்தாறு வருஷத் தவம்! நோட்டு, டிக், மார்க்... எந்தக் குப்பை பொறுக்குகிறவள் இத்தனை நாளில் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்?

அந்த நொடியே அவர் மனசில் 'அவள்', 'அவர்' ஆகிவிட்டார்.

"அம்மா, உட்காருங்கம்மா! யாருப்பா அங்கே, ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு! டீ சாப்பிடறீங்களா?"

அம்மையார் நோட்டைப் புரட்டினார். நெற்றி சுருங்கியது. "இது லிஸ்ட்லயே இல்லியே. சார், இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்துட்டா எப்படி? இன்னும் கொஞ்சம் இழுத்தடிங்க."

"இழுத்தடிக்கறதா? நானா?" அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். "அந்த வார்த்தையே இந்த ரூம்ல கிடையாதும்மா!"

"சரி, அப்ப ஒப்புகைச் சீட்டு குடுங்க. அதுல தேதி, உங்க பேர், பதவி, எத்தனை நாள்ல முடிப்பீங்கன்னு நாலும் இருக்கணும்."

'ஏழு நாள்' என்று எழுதினார். அம்மையார் நோட்டுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். உடனே அதிகாரி அதை அடித்து 'மூன்று நாள்' என்றாக்கினார். 'ஒரு குழாய்' தானாகவே 'இரண்டு குழாய்' ஆனது. பியூன் பதிவேட்டில் ஏற்றி நம்பர் போட்டான். அதிகாரி குத்திய சீலில் பேனாக்களெல்லாம் எழுந்து நின்று உட்கார்ந்தன.

அம்மையார் சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"மொத்தத்துல பத்துக்கு ஒன்பதரை சார்."

"அந்த அரை எங்கம்மா போச்சு?" என்றார் அதிகாரி.

"கடைசியில ரொம்ப நல்லவரா மாறிட்டீங்க. அதான் நம்பற மாதிரியே இல்ல."

அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பயிற்சி நடத்தும் பெண் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தாள்.

"அக்கா! இங்க என்ன பண்றீங்க? பரீட்சை மாடியில இருக்கிற ஏழாம் நம்பர் ரூம்ல! திமிர் பிடிச்ச ஆபீசரா நடிக்க வந்தவர் ஒரு மணி நேரமா உங்களுக்காக முறைச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கார்!"

"அப்ப... இவரு நிஜ ஆபீசரா?" என்ற அம்மையார், உள்ளே நுழைந்ததிலிருந்து முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, இடுப்பில் செருகிய சீட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.