இரண்டு வருஷ கனெக்‌ஷன்

புது நெட் கனெக்‌ஷன் கொடுக்கப் போன தமிழ்செல்வனுக்கு, டாக்டர் ஜாஸ்மின் வீட்டுக் கூடத்தில் கயிறு கட்டிய பெட்டிகளைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. மாறுதல் வந்துவிட்டது போல. இந்த மலையூர் ஆஸ்பத்திரிக்கு முன்பு வந்த டாக்டர்களைப் போல இவரும் மலையிறங்கப் போகிறார். அவன் மனைவி சுகுணாவுக்கோ இது ஏழாம் மாதம்.

“பழைய கம்பெனி மழை வந்தாலே படுத்துக்குது. உங்களது எப்படி?” என்றார் ஜாஸ்மின்.

“நம்முது நிக்காதுங்க டாக்டரம்மா. ஆனா ஒருக்கா எடுத்தா ரெண்டு வருஷத்துக்கு நடுவுல நிறுத்த முடியாதுங்க. ஊருக்குப் போறவங்களுக்குத் தோதுப்படாதுங்க. பழசே இருக்கட்டுங்க.”

“யாரு போறது?”

அவன் பெட்டிகளைக் காட்டினான்.

ஜாஸ்மின் சிரித்துவிட்டார். “அதெல்லாம் இன்னும் பிரிக்காத பெட்டி. எங்கம்மா தூத்துக்குடி வீட்டைக் காலி பண்ணிட்டு நேத்து இங்கேயே வந்துட்டாங்க. ஆமா, அஞ்சு வருஷத்துக்குக் கனெக்‌ஷன் கிடையாதா?”

வயரை அப்புறம் இழுத்துக்கொள்ளலாம் என்று, தமிழ்செல்வன் முதல் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.