உள்ளங்கையில் பால்

என் மனைவி மாலினியின் மருந்தை எங்கள் சமையலறை மேடையில் இருந்த கருவியே தயாரித்தது. நீல விளக்கின் கீழ் மூலக்கூறுகள் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு நீளும். தேவையான நீளம் வந்ததும் தாமாகவே நுண்ணுருண்டைகளாகத் திரளும். தண்ணீர் பாலாக வெளுக்கும். நோயைக் கண்டால் மட்டும் அந்த உருண்டைகள் உடைந்து மருந்தை விடும்.

அதனால் அவள் தினமும் காலையில் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். வியர்வையில் நோயின் சுவடு இருந்தால் சொட்டு தெளிந்து தண்ணீராகிவிடும். வெள்ளையாகவே நின்றால் நோய் இல்லை. அவளுக்கு ஒருநாளும் வெள்ளையாக நிற்கவில்லை.

நேற்று அவளை எரித்தோம். இன்று காலை சாம்பலுக்குப் பால் தெளிக்க மயானத்துக்கு வந்தோம். அவள் தங்கை பூரணி சொம்பைத் திறந்ததும் பழகிய மருந்து வாடை அடித்தது.

"இத எங்கேர்ந்து எடுத்த?"

"ஃப்ரிட்ஜ்லதான் மாமா. கண்ணாடி பாட்டில்ல இருந்துச்சே."

"அது அக்காவோட மருந்து."

பூரணி சொம்பைக் கீழே வைக்கப் போனாள். என் மாமனார் தடுத்தார்.

"இருக்கட்டும்மா. தினம் வேணாம்னு அடம் பிடிச்சா. இன்னைக்கு எப்படி வேணாம்னு சொல்றான்னு பாப்போம்."

ஒவ்வொருவராக உள்ளங்கையில் வாங்கித் தெளித்தோம். சாம்பல்மேல் வெள்ளையாக விழுந்தது. கடைசியாக என் மகள் யாழி கையை நீட்டினாள். பூரணி அதே சொம்பிலிருந்து ஊற்றினாள்.

யாழி தெளிக்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, சித்தி எனக்கு மட்டும் தண்ணி ஊத்திட்டாங்க."