பயந்தால் திறக்கும் டப்பா

அம்மாவின் தூக்க மாத்திரை டப்பா லேசுப்பட்டதில்லை. அதற்குச் சாவியே கிடையாது. அம்மாவின் நெஞ்சு படபடத்தால்தான் திறக்கும். பிள்ளைகள் கை வைக்கவே முடியாது என்று சத்தியம் பண்ணி விற்றார்கள். பதினொன்றாம் வகுப்புத் தாரகையிடம் அந்தச் சத்தியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"அம்மா, கெமிஸ்ட்ரியில ஃபெயில்!"

டப்பா திறக்கும். அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்குள் ஒன்றை லவட்டிவிட்டு, "சும்மா சொன்னேம்மா" என்பாள். டப்பா மூடிக்கொள்ளும்.

ஃபெயில் பழகிப்போனதும் ஒரு பையனோடு ஓடப்போவதாகச் சொன்னாள். பையனும் பழகியபின் குளியலறையில் பாம்பு வந்தது. பாம்பும் ஒரு மாதம்தான்.

நேற்று எதற்கும் டப்பா அசையவில்லை. "அடுத்து என்னடி, சிங்கமா?" என்று கேட்டபடி அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் தாரகை உண்மையை எடுத்துவிட்டாள். "உன் மாத்திரை இல்லன்னா எனக்குக் கை நடுங்குதும்மா. ஆறு மாசமா திருடித் தின்னுட்டிருக்கேன்."

டப்பா படாரென்று திறந்தது.

"சும்மாதானேடி சொன்னே?"

தலையாட்டினால் போதும், மூடிக்கொள்ளும். தாரகை ஆட்டவில்லை. டப்பா திறந்தே கிடந்தது. அதிலிருந்து எடுக்க இருவருக்குமே கை வரவில்லை.