மூன்றும் ஒரே எண்

இறந்தவர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது கள்ளக்குறிச்சி பேனர் கடையின் வழக்கம். மலையிலிருந்து வந்த கரியனின் மனைவி படத்தையும் இலக்கியா அப்படியே மாற்றினாள். பார்டருக்கு நிறமெடுக்க, நிறத்தை எண்களாகக் காட்டும் கலர் பிக்கரைப் புடவைமேல் வைத்தாள். சாம்பல் நிறமென்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்களும் ஒன்றாக வரும். சாம்பலாகத் தெரிந்த புடவைக்குச் சிவப்பின் எண்கள் வந்தன.

"அவங்க இன்னா கலர் பொடவை கட்டியிருந்தாங்க?"

"செவப்பும்மா. அதோடதான் பொதைச்சோம்."

திரையின் மூலையில் கடையின் சிசிடிவி காட்சி ஓடியது. பிக்கரை அங்கே நகர்த்தினாள். கரியனின் சட்டையில் நீலம் வந்தது. தன்னுடைய மஞ்சள் சுடிதாரில் 128, 128, 128. முகத்திலும் அதேதான்.

இலக்கியா எழுந்து வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். சிசிடிவி காட்சியில் மஞ்சள் சுடிதார் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தது. கரியன் அவளுடைய நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்: "இன்னும் எவ்ளோ நேரமாவும்மா?"